விற்கப்பட்டவர் யார்? ஏ.ஓ.எல். - டைம் வார்னர் இணைப்பும் 'தோல்வி' என்கிற கதையாடலும்

1

2000 ஜனவரி 10, நியூயார்க். பத்திரிகையாளர் கூட்டம். மேடையில் இரண்டு பேர். ஒருவர் அமெரிக்கா ஆன்லைன் (ஏ.ஓ.எல்.) என்கிற இன்டர்நெட் கம்பெனியின் தலைவர் ஸ்டீவ் கேஸ். மற்றவர் டைம் வார்னர் என்கிற ஊடக நிறுவனத்தின் தலைவர் ஜெரால்டு லெவின். இன்டர்நெட்காரர் கோட்டும் டையுமாக வந்திருந்தார். பழைய நிறுவனத்துக்காரர் டையைக் கழற்றிவிட்டுத் திறந்த காலரோடு வந்திருந்தார். ஒருத்தர் உடுப்பை இன்னொருத்தர் மாற்றிப் போட்டுக்கொண்ட மாதிரி. மூலதனத்துக்கு நாடகம் கட்டத் தெரியாது என்று யார் சொன்னது?

அன்றைக்கு அறிவிக்கப்பட்டது இதுதான்: டைம் வார்னரை ஏ.ஓ.எல். வாங்குகிறது. மதிப்பு சுமார் 16,500 கோடி டாலர். அமெரிக்க வரலாற்றில் அதுவரை இல்லாத தொகை. வாங்கப்பட்ட டைம் வார்னரிடம் என்ன இருந்தது? 1923இல் தொடங்கிய 'டைம்' இதழ், வார்னர் சகோதரர்களின் சினிமா ஸ்டூடியோ, எச்.பி.ஓ., டெட் டர்னரின் கம்பெனியோடு 1996இல் வந்து சேர்ந்த சி.என்.என்., வீட்டுக்கு வீடு போகும் கேபிள். வாங்கிய ஏ.ஓ.எல்.லிடம் என்ன இருந்தது? டெலிபோன் கம்பி வழியே இன்டர்நெட் இணைப்பும், அதற்கு மாதச் சந்தா கட்டுகிற இரண்டு கோடிக்கு மேற்பட்ட ஆட்களும். இரண்டு கம்பெனிகளின் வருமானத்தையும் ஒன்றாகக் கூட்டினால் அதில் ஏ.ஓ.எல்.லின் பங்கு ஐந்தில் ஒன்றுகூடத் தேறாது. ஆனால் புதிய கம்பெனியில் 55 சதம் அதன் பங்குதாரர்களுக்கு. 45 சதம்தான் மற்றவர்களுக்கு.

இதில் காசு கைமாறவில்லை என்பது முக்கியம். சந்தையில் வீங்கிக் கிடந்த தன் பங்குகளைக் கொடுத்தே ஏ.ஓ.எல். இத்தனையையும் வாங்கியது. 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் கற்பனை மூலதனம் என்று ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். நாளைக்கு வரப்போகிற வருமானத்தின் மீது இன்றைக்கே எழுதிக்கொள்ளப்படும் உரிமைச்சீட்டு. அது தனியாகச் சந்தைக்குப் போய் தனக்கென்று ஒரு விலையைத் தேடிக்கொள்ளும். அந்தச் சீட்டைக் கொடுத்து ஸ்டூடியோவையும் அச்சகத்தையும் கேபிளையும் வாங்கிவிட முடியும் என்பதற்கு இதைவிடத் துப்புரவான உதாரணம் கிடைக்காது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

அய்ரோப்பிய ஆணையமும் அமெரிக்க அரசு அமைப்புகளும் சில நிபந்தனைகளோடு ஒப்புதல் தந்தன. 2001 ஜனவரி 11இல் இணைப்பு முடிந்தது. அந்த மாதமே ஆட்குறைப்பும் தொடங்கியது. கம்பெனி முழுக்க 2,000 பேருக்கு மேல். சி.என்.என்.னில் மட்டும் சுமார் 400 பேர். கல்யாணச் சாப்பாட்டு இலையை எடுப்பதற்குள் சமையல்காரனை வீட்டுக்கு அனுப்பிய கதை.

2

சரி, அப்புறம் என்ன ஆச்சு? நாஸ்டாக் குறியீட்டெண் 2000 மார்ச் 10இல் 5,048இல் முடிந்தது. அதுதான் உச்சம். 2002 அக்டோபரில் 1,100 சொச்சத்துக்கு வந்துவிட்டது. இணைப்பு அறிவிப்புக்குச் சற்று முன்பு 70 டாலருக்கு மேல் விற்ற பங்கு, 2002 ஜூலையில் பத்து டாலருக்கும் கீழே. 2002ஆம் ஆண்டுக்குக் கம்பெனி காட்டிய நட்டம் 9,870 கோடி டாலர். அதுவரை எந்த அமெரிக்கக் கம்பெனியும் ஓராண்டில் இவ்வளவு நட்டம் காட்டியதில்லை. 2001 டிசம்பரில் லெவின் ஓய்வை அறிவித்தார். 2003 ஜனவரியில் கேஸ் தலைவர் பதவியை விடுவதாகச் சொன்னார். அதே 2003 அக்டோபரில் கம்பெனியின் பெயரிலிருந்து 'ஏ.ஓ.எல்.' என்கிற மூன்றெழுத்தும் கழற்றப்பட்டது. 2009 டிசம்பரில் ஏ.ஓ.எல்.லையே தனியே வெட்டிவிட்டார்கள்.

இதற்குப் பிறகுதான் 'தோல்வி' என்கிற கதையாடல் உருவாகிறது. நிர்வாகவியல் பள்ளிகளில் இது பாடம். அந்தப் பாடத்தின் சாரம்: இரண்டு கம்பெனிகளின் கலாச்சாரம் ஒத்துப்போகவில்லை. ஒரு பக்கம் துடுக்கான இன்டர்நெட் இளைஞர்கள், இன்னொரு பக்கம் நியூயார்க்கின் பழைய மேட்டுக்குடி. பொருத்தம் பார்க்காத கல்யாணம், அதனால் மணமுறிவு. இந்தக் கதைக்கு வில்லன்கள் உண்டு, ஏமாந்த சோணகிரிகள் உண்டு, பாவமன்னிப்பும் உண்டு. டைம் வார்னரின் பெரிய தனிநபர் பங்குதாரரான டர்னர், இணைப்புக்கு வாக்களித்த உற்சாகத்தைத் தன் முதல் கலவி அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பேசியவர். பல நூறு கோடி டாலர் போன பிறகு ஊரெல்லாம் புலம்பினார். 2010 ஜனவரியில் லெவின் டி.வி.யில் தோன்றி, நூற்றாண்டின் மிக மோசமான இந்த ஒப்பந்தத்துக்குத் தானே பொறுப்பு என்று ஒப்புக்கொண்டார்.

ஒப்புதல் வாக்குமூலம் அதிகாரத்தின் ஒரு தொழில்நுட்பம் என்பதை ஃபூக்கோ விளக்கியிருக்கிறார். இங்கே அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒரு மனிதர் 'நான்தான் தப்புப் பண்ணினேன்' என்று சொன்னதும், தப்பு ஒரு மனிதருடையதாகிவிடுகிறது. அமைப்பு கையைக் கழுவிக்கொள்கிறது. இணைப்பு தோற்றது என்றால், தோற்காத நல்ல இணைப்பு என்று ஒன்று எங்கோ இருக்கிறது என்பதும் கூடவே நிலைநாட்டப்பட்டுவிடுகிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். இணைப்பு அறிவிக்கப்பட்டபோது இடதுசாரி ஊடக விமர்சகர்கள் அஞ்சியது ஏகபோகத்தை. செய்தி, சினிமா, பாட்டு, அதைக் கொண்டுவரும் கம்பி எல்லாம் ஒரே கைக்குப் போகிறதே என்று. நியாயமான அச்சம்தான். பிறகு அது சரிந்தபோது நம்மில் பலர் கைதட்டினோம். நானும்தான். மூலதனம் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டது என்று வசனம் பேசினோம். இப்போது யோசித்துப் பார்த்தால் அந்த அச்சம், அந்தக் கைதட்டல் இரண்டுமே கம்பெனி என்கிற அளவிலேயே நின்றுவிட்டன. கம்பெனி ஜெயித்ததா தோற்றதா என்று பார்த்தோமே தவிர, அங்கே என்ன சரக்கு கைமாறியது என்று கேட்கவில்லை.

அந்த 9,870 கோடி டாலர் நட்டத்தையே எடுத்துக்கொள்வோம். எந்த ஸ்டூடியோ எரிந்தது? எந்தக் கேபிள் அறுந்தது? ஒன்றும் இல்லை. ஒரு கம்பெனியை வாங்கும்போது அதன் சொத்துகளின் மதிப்புக்கு மேல் கொடுத்த தொகையைக் கணக்குப் புத்தகத்தில் 'நற்பெயர்' என்கிற தலைப்பில் எழுதுவார்கள். 2001இல் வந்த புதிய கணக்கியல் விதிப்படி இந்த நற்பெயரின் மதிப்பை அவ்வப்போது சோதித்து, குறைந்திருந்தால் குறைத்தெழுத வேண்டும். 2002இன் முதல் மூன்று மாதக் கணக்கில் மட்டும் இப்படிக் குறைத்தெழுதியது சுமார் 5,400 கோடி டாலர். ஆண்டுக் கடைசியில் மறுபடி சுமார் 4,500 கோடி. காகிதத்தில் பிறந்தது காகிதத்திலேயே செத்தது. உச்சத்தில் விற்றுவிட்டுப் போனவன் கையில் காசு. தன் ஓய்வுக்காலச் சேமிப்பைக் கம்பெனிப் பங்காக வைத்திருந்த அச்சக, அலுவலக ஊழியன் கையில் காகிதம். தோற்றது யார் என்கிற கேள்விக்கு முதல் பதில் இது. ஆனால் இதுவும் முழுப் பதில் இல்லை.

3

வாங்கப்பட்ட சரக்கு என்ன?

கனடாவைச் சேர்ந்த அரசியல் பொருளாதார ஆய்வாளர் டல்லஸ் ஸ்மைத் 1977இல் ஒரு கட்டுரை எழுதினார். மேற்கத்திய மார்க்சியத்தின் குருட்டுப் புள்ளி தகவல்தொடர்பு என்பது அவர் வாதம். டி.வி.யும் பத்திரிகையும் நிகழ்ச்சிகளையும் செய்திகளையும் விற்பதாக நாம் நினைக்கிறோம். இல்லை. அவை விற்பது பார்வையாளர்களை. விளம்பரதாரர்தான் வாடிக்கையாளர். நிகழ்ச்சி என்பது தூண்டில் புழு. கருத்துருவம், பொய்ப் பிரக்ஞை என்று பேசிக்கொண்டேயிருந்த மார்க்சியர்கள், ஆட்களே அங்கே சரக்காகிக்கொண்டிருப்பதைப் பார்க்கத் தவறினார்கள் என்றார் ஸ்மைத்.

ஏ.ஓ.எல்.லை இந்த வெளிச்சத்தில் வாசிக்கலாம். 1996 டிசம்பருக்கு முன்னால் அது மணிக் கணக்கில் காசு வாங்கியது. ஜனங்கள் அதில் அதிகம் செய்தது அரட்டை. முகம் தெரியாதவர்கள் அரட்டை அறைகளில் கூடி நோயைப் பற்றி, காதலைப் பற்றி, தோட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு நீள நீள மீட்டர் ஓடும். யார் எழுதிய பேச்சு அது? சந்தாதாரர்களே எழுதியது. அதாவது தன் பேச்சைத் தானே உற்பத்தி செய்து, அதற்கான வாடகையையும் தானே கட்டினான். 1996 டிசம்பரில் மாதம் 19.95 டாலர் கட்டினால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றாயிற்று. மீட்டர் நின்றது. இனிமேல் இவர்கள் அங்கே இருக்கிற நேரத்தை விளம்பரதாரருக்கு விற்றாக வேண்டும்.

விற்றார்கள். வாங்கியவர்களில் பலர் புதுசு புதுசாக முளைத்த டாட்காம் கம்பெனிகள். அவர்களிடம் இருந்தது முதலீட்டாளர் போட்ட பணம். அந்தப் பணம் விளம்பரமாக ஏ.ஓ.எல்.லுக்கு வந்தது. அதைப் பார்த்து ஏ.ஓ.எல். பங்கு ஏறியது. அந்த ஏற்றத்தைக் காட்டித்தான் டைம் வார்னரை வாங்கினார்கள். டாட்காம்கள் செத்ததும் விளம்பரம் நின்றது. நின்றது வெளியே தெரியாமலிருக்கக் கணக்கில் கைவைத்தார்கள். தானே மறைமுகமாகப் பணம் கொடுத்துத் தன்னிடமே விளம்பரம் வாங்கச் செய்து அதை வருமானமாக எழுதுவது அதில் ஒரு வகை. 2002 ஜூலையில் 'வாஷிங்டன் போஸ்ட்' இதை வெளியே கொண்டுவந்தது. 2005இல் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையத்துக்கு 30 கோடி டாலர் அபராதம் கட்ட டைம் வார்னர் ஒத்துக்கொண்டது. சந்தாதாரர் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டியதும் அந்தக் குற்றச்சாட்டில் அடக்கம். கவனியுங்கள். சரக்கு ஆட்கள் என்பதால், கள்ளக் கணக்கிலும் ஆட்களின் தலையைத்தான் கூட்ட வேண்டியிருக்கிறது.

இன்னொரு கூட்டம் இருந்தது. அதைப் பற்றி 'தோல்வி'க் கதையாடலில் ஒரு வரியும் பெரும்பாலும் இருக்காது. அரட்டை அறைகளை மேய்க்க, சண்டை போடுகிறவர்களைச் சமாதானப்படுத்த, புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்ட, செய்திப் பலகைகளைச் சுத்தம் செய்ய ஏ.ஓ.எல்.லில் தொண்டர்கள் இருந்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேல். சம்பளம் கிடையாது. இலவசமாக அல்லது சலுகையில் இணைப்பு, அவ்வளவுதான். ஆனால் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் இருக்க வேண்டும், வேலை பற்றி அறிக்கை தர வேண்டும், பயிற்சிக்கு வர வேண்டும் என்றெல்லாம் விதிகள். 1999இல் முன்னாள் தொண்டர்கள் இருவர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 'நாங்கள் தொண்டர்கள் இல்லை, தொழிலாளர்கள், குறைந்தபட்சக் கூலியைக் கொடு' என்பது வழக்கு. இத்தாலிய ஆய்வாளர் டிசியானா டெரனோவா, 2000இல் வெளியான இலவச உழைப்பு பற்றிய தன் கட்டுரையில் இவர்களைப் பற்றிப் பேசினார். பிடித்துச் செய்வதும் சுரண்டலும் ஒரே உழைப்பில் பின்னிக் கிடப்பதை அவர் காட்டினார். ஆலையில் சங்கு ஊதினால் வேலை முடிந்தது என்று தெரியும். இங்கே சங்கும் இல்லை, வேலை என்கிற பேரும் இல்லை.

இணைப்பில் ஏ.ஓ.எல்.லின் அந்த 55 சதம் இந்த ஆட்களின் பேச்சுக்கும் நேரத்துக்கும் தொண்டுக்கும் சந்தை போட்ட விலை. விலை பேசியபோது அவர்கள் யாரும் அந்த மேடையில் இல்லை.

4

மறுபக்கத்தில் எழுத்தாளன் என்ன ஆனான்?

இணைப்பை நியாயப்படுத்தத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட சொல் 'உள்ளடக்கம்'. டைம் வார்னரிடம் உள்ளடக்கம் இருக்கிறது, ஏ.ஓ.எல்.லிடம் குழாய் இருக்கிறது என்றார்கள். தமிழ் விமர்சனத்தில் உருவமா உள்ளடக்கமா என்று நாம் போட்ட சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. அந்தச் சண்டையில் உள்ளடக்கம் என்றால் வாழ்க்கை, அரசியல், வர்க்கம். இங்கே உள்ளடக்கம் என்றால் குழாயை நிரப்புகிற எதுவும். போர்ச் செய்தியும் கார்ட்டூனும் கவிதையும் ஒன்றுதான். அடோர்னோவும் ஹார்க்ஹைமரும் 1940களில் பண்பாட்டுத் தொழிலைப் பற்றி எழுதியபோது வார்னர் சகோதரர்கள் படங்களுக்கும் போட்டிக் கம்பெனிப் படங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கார் மாடல்களின் வித்தியாசத்தோடு சேர்த்து வைத்துக் கேலி செய்தார்கள். அப்போதாவது படம் என்று ஒரு பேர் இருந்தது. 'உள்ளடக்கம்' என்றான பிறகு அந்தப் பேரும் போயிற்று.

இணைப்பு முடிந்த அதே 2001இல், ஜூன் 25ஆம் தேதி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் சுதந்திர எழுத்தாளர்கள். முன்னால் நின்றவர் ஜோனதன் டாசினி, தேசிய எழுத்தாளர் சங்கத்தின் தலைவர். எதிர்த்தரப்பில் 'நியூயார்க் டைம்ஸ்' முதலிய நிறுவனங்கள். அவற்றில் ஒன்று டைம் வார்னரின் டைம் கம்பெனி. பிரச்சினை இது: பத்திரிகைக்கு என்று ஒரு தடவை எழுதிக் கொடுத்த கட்டுரையை, எழுதியவரிடம் கேட்காமல், காசும் கொடுக்காமல் மின்னணுத் தகவல் தொகுப்புகளுக்கு விற்கலாமா? கூடாது என்று 7க்கு 2 என்ற கணக்கில் நீதிபதிகள் சொன்னார்கள்.

எழுத்தாளர் ஜெயித்தார்கள். ஜெயித்த பிறகு என்ன நடந்தது? 'நியூயார்க் டைம்ஸ்' எழுத்தாளர்களிடம் கேட்டது: பழைய கட்டுரைகளுக்கான உரிமையை விட்டுக் கொடுத்துக் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் உன் கட்டுரையைத் தொகுப்பிலிருந்தே எடுத்துவிடுவோம். புதிதாக எழுதுகிறவர்களுக்கோ, எல்லா உரிமையையும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்கிற ஒப்பந்தங்கள் ஏற்கெனவே பரவிவிட்டிருந்தன. இரண்டு வழி இருந்தது: காணாமல் போவது, அல்லது இலவசமாக இருப்பது.

ஆக, இணைப்பின் இரண்டு பக்கமும் நீதிமன்றத்தில் நின்றன. குழாய்க் கம்பெனியின் மேல் தொண்டர்கள். உள்ளடக்கக் கம்பெனியின் மேல் எழுத்தாளர்கள். கேட்டது இரண்டு பேரும் ஒன்றைத்தான்: எங்கள் உழைப்பை விற்றாயே, எங்கள் பங்கு எங்கே? ஏ.ஓ.எல்.லும் டைம் வார்னரும் ஒத்துப்போகவில்லை என்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவை ரொம்பவே ஒத்துப்போயின.

5

கதை 2009ஓடு முடிந்துவிடவில்லை. தனியாகப் போன ஏ.ஓ.எல். 2011இல் 'ஹஃபிங்டன் போஸ்ட்' இணையதளத்தை 31.5 கோடி டாலருக்கு வாங்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் காசில்லாமல் எழுதி வளர்ந்த தளம் அது. எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே ஜோனதன் டாசினி. விற்பனை முடிந்ததும் அவர் மறுபடி வழக்குப் போட்டார், இந்தத் தடவை ஏ.ஓ.எல். மேல். 10.5 கோடி டாலர் எங்களுக்கு வர வேண்டும் என்றார். 2012 மார்ச்சில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. காசு கிடைக்காது என்று தெரிந்துதானே எழுதினீர்கள் என்பது தீர்ப்பின் சாரம். 2001இல் ஜெயித்தவர் 2012இல் தோற்றார். முன்பு கேட்காமல் எடுத்தார்கள், அது குற்றம். இப்போது நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம், அதில் குற்றமில்லை.

இணைப்பு தோற்றது உண்மை. ஆனால் அதன் உள்ளே இருந்த யோசனை தோற்கவில்லை. ஜனங்கள் பேசட்டும், எழுதட்டும், படம் போடட்டும், அதை நாம் விற்போம் என்கிற யோசனை 2004இல் ஃபேஸ்புக்காகவும் 2005இல் யூடியூபாகவும் வந்தது. ஏ.ஓ.எல். தன் டெலிபோன் இணைப்புச் சேவையை 2025 செப்டம்பர் 30இல் மூடிவிட்டது. கடை மூடிய பிறகும் வியாபாரம் நடந்துகொண்டிருக்கிறது. டாட்காம் குமிழி வெடித்தது என்று சொல்லிச் சொல்லி, வெடிக்காமல் மிஞ்சியது என்ன என்று பார்க்காமல் விட்டுவிட்டோம்.

இந்த இடத்தில் ஒருவர் கேட்கலாம்: 'நீங்களும் காசு வாங்காமத்தானே எழுதறீங்க? சிறுபத்திரிகைக்காரன் எவனுக்குச் சன்மானம் கொடுத்திருக்கான்?' கேட்க வேண்டிய கேள்விதான். சிறுபத்திரிகையில் எழுதியவனும் உழைத்தான், அச்சுக் கோத்தவனுக்கும் தபால்காரனுக்கும் கிடைத்த கூலி அவனுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அங்கே அவன் எழுத்தைக் காட்டி யாரும் விளம்பரதாரரிடம் தலையெண்ணிக்கை விற்கவில்லை. பத்திரிகை நடத்தியவனும் கைக்காசைப் போட்டு நொடித்தான். நட்டம் பொது. அதனால்தான் அதைக் கொடை என்று சொல்ல முடிந்தது. கொடுக்கிறவன் மட்டும் கொடையாகக் கொடுத்து, வாங்குகிறவன் அதைச் சரக்காக விற்றால் அதற்குக் கொடை என்று பேரில்லை. இதே எழுத்தை இன்றைக்கு நாம் எங்கே கொண்டுபோய் வைக்கிறோம், யாருடைய கணக்கில் அது ஏறுகிறது என்று ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும். கலகமாக எழுதினாலும் சரி, கண்ணீராக எழுதினாலும் சரி, குழாய்க்கு அது உள்ளடக்கம்தான்.

எழுதாமலிருப்பது இதற்கு வழியில்லை. டாசினியும் அந்தத் தொண்டர்களும் செய்தது வேறு. தங்கள் வேலையை வேலை என்று பேர் சொல்லி அழைத்தார்கள். கோட்பாட்டாளர்கள் குமிழியைப் பற்றி வியாக்கியானம் செய்துகொண்டிருந்தபோது, அரட்டை அறையை மேய்த்த இரண்டு பேர் கூலி கேட்டு நீதிமன்றப் படியேறினார்கள். அந்த வழக்கு பத்தாண்டுக்கும் மேல் இழுத்தடிக்கப்பட்டு, ஒன்றரைக் கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. 9,870 கோடிக்குப் பக்கத்தில் வைத்தால் அது கண்ணுக்கே தெரியாத தொகை. ஆனால் அந்த 9,870 கோடி வெறும் காகிதம். இந்த ஒன்றரைக் கோடி, ஆயிரக்கணக்கானவர்கள் செய்த வேலைக்குப் பாதியும் காலுமாக வந்து சேர்ந்த கூலி. இந்த இணைப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இனிமேல் அங்கிருந்து தொடங்கட்டும்.